மேல் அம்பு எங்கே போகிறது?

உபுண்டு லினக்ஸ் ஓடும் கணினி ஒன்று கைவசம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். டெர்மினல் எனப்படும் முனையத்தைத் திறந்து ஏதாவது இரண்டு கட்டளைகளை அடியுங்கள். பிறகு மேல்நோக்கிய அம்பு விசையை அழுத்துங்கள். கடைசியாக அடித்த கட்டளை அப்படியே வந்து நிற்கும். இன்னொரு முறை அழுத்தினால் அதற்கு முந்தையது வரும். இதில் யாருக்கும் வியப்பு இருக்காது. இப்போது ‘எஸ்எச்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள். ஒற்றை டாலர் குறி தோன்றும். இங்கேயும் ஓரிரு கட்டளைகளை அடித்துவிட்டு அதே அம்பை அழுத்துங்கள். பழைய கட்டளை வராது. ^[[ஏ என்று கிறுக்கியதுபோல் ஏதோ விழும். திரையில் அந்த ‘ஏ’ ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்கும், அவ்வளவுதான்.

அதே கணினி, அதே விசைப்பலகை, அதே திரை. சற்றுமுன் பழைய கட்டளையை நினைவில் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தது யார்? விசைப்பலகைக்கு நினைவு கிடையாது. முனையச் சன்னலாகவும் இருக்க முடியாது, அது மாறவே இல்லையே. மாறியது நாம் யாரிடம் பேசுகிறோம் என்பதுதான். முதலில் பேசியது ‘பாஷ்’ என்ற நிரலிடம். ‘எஸ்எச்’ என்று அடித்ததும் அந்த இடத்தில் ‘டாஷ்’ என்ற வேறொரு நிரல் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டுமே ‘ஷெல்’ என்ற இனத்தைச் சேர்ந்தவை.

ஷெல்லின் வேலை எளிது. ஒரு வரியை வாங்கும், சொற்களாகப் பிரிக்கும், முதல் சொல்லுக்கு உரிய நிரலைத் தேடி ஓட்டும், அது முடிந்ததும் அடுத்த வரிக்குக் காத்திருக்கும். இயங்குதளத்தின் உள்கருவான கர்னலுக்குள் ஷெல் இல்லை. அதுவும் மற்றவற்றைப் போல ஒரு சாதாரண நிரல்தான், பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் பதிப்போடு 1971இல் வந்த கென் தாம்சனின் ஷெல்லும், 1979இல் வெளியான ஸ்டீவன் போர்னின் ஷெல்லும் வாங்கிய வரியை ஓட்டி முடித்ததும் மறந்துவிடும் வகை. டாஷ் அந்தப் பரம்பரை. கணினி எழும்போது ஓடவேண்டிய சில்லறை வேலைகளை வேகமாக முடிக்கத்தான் உபுண்டு 2006இல் அதை எடுத்துக்கொண்டது. உட்கார்ந்து பேசும் மனிதருக்கு வசதி செய்து கொடுப்பது அங்கே அதன் வேலை இல்லை.

பாஷ் அப்படியல்ல, அது குறித்துவைக்கிறது. மாதாமாதம் ஒரே மளிகைக் கடையில் சாமான் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியல் எழுதிக்கொண்டு போவதில்லை. “அண்ணாச்சி, போன மாசச் சீட்டே போடுங்க, துவரம்பருப்பு மட்டும் ரெண்டு கிலோ” என்றால் போதும். அண்ணாச்சி நோட்டைப் புரட்டுவார், பழைய சீட்டைப் புதுத் தாளில் எழுதுவார், பருப்பு அளவைத் திருத்துவார், அதன் பிறகே பையனைக் கூப்பிட்டுப் பொட்டலம் கட்டச் சொல்வார். இந்த வரிசை முக்கியம். பையனுக்குப் ‘போன மாசம்’ என்பதெல்லாம் தெரியாது. அவன் கைக்கு வருவது முழுசாக எழுதிய சீட்டு. ஷெல்லிலும் பழைய கட்டளையைத் தேடி எடுத்துத் திருத்துவது ஒரு கட்டம், அதை ஓட்டுவது வேறொரு கட்டம். முதல் கட்டம் முடியும்வரை இரண்டாவது தொடங்காது. ஷெல் வைத்திருக்கும் அந்த நோட்டைக் கட்டளை ஏடு என்று சொல்லலாம். ‘ஹிஸ்டரி’ என்று அடித்தால் வரிசை எண்களோடு அது முழுதும் திரையில் வந்து விழும்.

இந்த ஏட்டை யூனிக்ஸ் உலகத்துக்குக் கொண்டுவந்தது சி ஷெல். 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய் அதை எழுதினார். பின்னாளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். இதே எண்ணம் யூனிக்ஸுக்கு வெளியே அதற்கு முன்பே இருந்தது. லிஸ்ப் மொழிச் சூழல் ஒன்றுக்காக வாரன் டைட்டல்மேன் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘நிரலாளரின் உதவியாளர்’ பழைய கட்டளைகளைத் திரும்பச் செய்யவும் திருத்தவும் தெரிந்தது. ஆனால் இன்றுவரை நம் விரல்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறியீடு சி ஷெல்லுடையது. அதன் மையம் ஆச்சரியக்குறி. இரண்டு ஆச்சரியக்குறிகளை அடித்து என்டர் தட்டினால், !! என்பது முந்தைய கட்டளையாக மாறி ஓடும்.

அம்பு விசை இருக்க ஏன் ஆச்சரியக்குறி? அன்றைக்கு யாரிடமும் அம்பு விசை இருக்கும் என்று நம்பமுடியாது என்பது பாதிப் பதில். யூனிக்ஸ் வளர்ந்த காலத்தின் டெலிடைப் 33 என்ற கருவியில் திரையே கிடையாது. தட்டச்சுப்பொறி போலக் காகிதத்தில் நொடிக்கு 10 எழுத்து அச்சிடும். 70 எழுத்துள்ள ஒரு வரி விழ 7 நொடி ஆகும். காகிதத்தில் விழுந்ததை அழித்து அதே இடத்தில் வேறொன்றைக் காட்டவும் முடியாது. ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் திரை இருந்தது, ஆனால் தனி அம்பு விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். அவர் எழுதிய விஐ தொகுப்பானில் இன்றும் அந்த நான்கு எழுத்துகள்தான் சுட்டியை நகர்த்துகின்றன.

மீதிப் பதில் கர்னலில் இருக்கிறது, எனக்கு இந்தப் பாதிதான் பிடித்தமானது. நீங்கள் அடிக்கும் எழுத்து ஒவ்வொன்றும் உடனே நிரலுக்குப் போய்ச் சேருகிறது என்று தோன்றும். வழக்கமான ஏற்பாட்டில் அப்படி இல்லை. கர்னல் அவற்றை வாங்கி ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டே இருக்கும். தப்பாக அடித்ததைப் பின்னால் போய் அழித்தால் அதையும் கர்னலே பார்த்துக்கொள்ளும். என்டர் தட்டிய பிறகுதான் முழு வரியும் நிரலின் கைக்கு வரும். யூனிக்ஸ்காரர்கள் இதற்குச் ‘சமைத்த நிலை’ என்று பெயர் வைத்தார்கள். இந்த நிலையில், என்டர் விழும்வரை நீங்கள் என்ன அடிக்கிறீர்கள் என்பதே ஷெல்லுக்குத் தெரியாது. தெரியாதவரிடம் பாதி வரியில் ‘பழையதைக் கொஞ்சம் காட்டு’ என்று எப்படிக் கேட்பது? கேட்கவேண்டியதையும் அந்த வரிக்குள்ளேயே எழுத்தாக எழுதி அனுப்புவதுதான் ஒரே வழி. ஆச்சரியக்குறி அப்படிப் பிறந்த குறி.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள் சி ஷெல் ஒரு குட்டி மொழியையே உருவாக்கிவிட்டது. பிறகு வந்த பாஷ் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. நிர்வாகி உரிமை வேண்டிய கட்டளையை மறந்துபோய்ச் சாதாரணமாக அடித்து ‘அனுமதி இல்லை’ என்று திட்டு வாங்கினால், ‘சூடோ !!’ என்று அடித்தால் போதும், முழு வரியும் சூடோவுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். லினக்ஸ்காரர்கள் அதிகம் பயன்படுத்துவது இதுவாகத்தான் இருக்கும். !$ என்பது முந்தைய கட்டளையின் கடைசிச் சொல். நீளமான பாதை ஒன்றைக் கொடுத்துக் கோப்புறையை உருவாக்கிவிட்டு, அதற்குள் போக ‘சிடி !$’ என்றால் ஆயிற்று. ^2023^2024 என்று அடித்தால் போன கட்டளையில் 2023 முதலில் வரும் இடத்தில் 2024 என்று மாற்றி ஓட்டும். ஆச்சரியக்குறியோடு ஒரு எண்ணைச் சேர்த்தால் ஏட்டில் அந்த எண்ணுள்ள வரி. எழுத்துகளைச் சேர்த்தால் அந்த எழுத்துகளில் தொடங்கும் கட்டளைகளில் ஆகக் கடைசியானது.

இது வெறும் எழுத்து மாற்றம்தான் என்பதற்குச் சான்று திரையிலேயே கிடைக்கும். !! அடித்தவுடன் பாஷ் முதலில் விரித்தெழுதிய முழு வரியைக் காட்டும், பிறகுதான் கட்டளையின் விடை வரும். இன்னும் தெளிவான சான்று வேண்டுமென்றால் தேதி காட்டும் ‘டேட்’ கட்டளையை ஓட்டிவிட்டு, அடுத்து ‘எக்கோ "வணக்கம்!!"’ என்று அடித்துப் பாருங்கள். எக்கோ, கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் கட்டளை. அது வணக்கம் சொல்லாமல் ‘வணக்கம்டேட்’ என்று உளறும். உற்சாகத்தில் போட்ட இரண்டு ஆச்சரியக்குறிகளை ஷெல் பழைய கட்டளையாக விரித்துவிட்டது. இரட்டை மேற்கோளுக்குள் இருப்பது பேச்சு என்று பார்க்கும் கட்டம் இன்னும் வரவில்லை, விரித்தல் அதற்கு முன்னமே நடந்து முடிந்துவிடுகிறது. ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால் மட்டும் விரிக்காமல் விட்டுவிடும். இதே வரியை ஒரு நிரல்கோப்பில் எழுதி ஓட்டினால் வணக்கம் ஒழுங்காக வரும். மனிதர் உட்கார்ந்து அடிக்கும்போது மட்டும்தான் இந்த விரித்தல் நடக்கவேண்டும் என்பது பாஷின் இயல்பான ஏற்பாடு.

குறையும் இங்கேயே தெரிகிறது. ஆச்சரியக்குறியில் நீங்கள் பார்க்காததை ஓட்டச் சொல்கிறீர்கள். நிரலைக் கட்டும் ‘மேக்’ கட்டளையை மறுபடி ஓட்டலாம் என்று ஆச்சரியக்குறியோடு எம் எழுத்தை மட்டும் அடிக்கிறீர்கள். நடுவில் கோப்புகளை இடம் மாற்றும் ‘எம்வி’ கட்டளை ஒன்றை ஓட்டியிருந்தது நினைவில்லை. ஷெல் பிந்தியதையே எடுக்கும், விரித்த வரியை உங்கள் கண்ணில் காட்டும் அதே நொடியில் ஓட்டியும் விடும். இதற்கு மருந்தும் அப்போதே வந்தது. வரியின் கடைசியில் :பி என்று சேர்த்தால் விரித்துக் காட்டுவதோடு நின்றுகொள்ளும். பாஷில் ‘ஹிஸ்ட்வெரிஃபை’ என்ற விருப்பத்தை இயக்கிவிட்டால் விரித்த வரியை உங்கள் ஒப்புதலுக்காக நிறுத்திவைக்கும். காகிதத்தில் வேலை செய்த தலைமுறைக்கு இதற்கு மேல் வசதி செய்து கொடுத்திருக்க முடியாது.

திரை பரவியதும் கதை மாறியது. 1978இல் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட விடி100 முனையத்தில் தனி அம்பு விசைகள் இருந்தன. மேல் அம்பை அழுத்தினால் அது மூன்று எழுத்துகளை வரிசையாக அனுப்பும்: எஸ்கேப், ஒரு சதுர அடைப்பு, ஆங்கில ஏ. பின்னால் வந்த முனைய நிரல்கள் இதையே பின்பற்றின. உங்கள் மடிக்கணினியின் முனையச் சன்னல் இன்றும் அந்த மூன்றையே அனுப்புகிறது. எஸ்கேப் கண்ணுக்குத் தெரியாத எழுத்து என்பதால் அதை ^[ என்று எழுதிக் காட்டுவது மரபு. டாஷில் நாம் பார்த்த கிறுக்கல் இதுதான். அம்பு என்ற ஒன்றைப் பற்றியே டாஷுக்குத் தெரியாது. சமைத்த நிலையில் இருந்த கர்னல் வந்த மூன்று எழுத்துகளையும் அந்த மரபுப்படியே திரையில் எழுதிவிட்டது.

பாஷ் என்ன செய்கிறது? வரி வாங்கத் தொடங்கும் முன் கர்னலிடம் ‘நீ சேர்த்துவைக்க வேண்டாம், ஒவ்வொரு எழுத்தையும் உடனுக்குடன் என்னிடம் கொடு, திரையில் எழுதுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிடுகிறது. ஏறக்குறையப் ‘பச்சை நிலை’. எஸ்கேப், அடைப்பு, ஏ வந்ததும் ஏட்டில் ஒரு படி பின்னால் போய், அந்த வரியைத் திரையில் வரைந்து காட்டுகிறது. கட்டளையை ஓட்டும் நேரம் வந்ததும் கர்னலைப் பழையபடி சமைத்த நிலைக்குத் திருப்பிவிடுகிறது.

இதை நம்பச் சொல்லவில்லை, பார்க்கவே முடியும். இரண்டு முனையச் சன்னல்களைத் திறந்து, ஒன்றில் ‘டிடிஒய்’ என்று அடித்தால் அதன் முகவரி கிடைக்கும். இரண்டாவது சன்னலில் இருந்து ‘எஸ்டிடிஒய்’ கட்டளையால் அந்த முகவரியின் அமைப்புகளைக் கேளுங்கள். பாஷ் சும்மா காத்திருக்கும்போது ‘ஐகேனான்’ என்ற அமைப்புக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருக்கும், வரி சேர்ப்பது நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். முதல் சன்னலில் ‘கேட்’ கட்டளையை ஓடவிட்டு மறுபடி கேட்டால் கழித்தல் குறி போயிருக்கும். இதையே முதல் சன்னலில் இருந்துகொண்டு கேட்டால் பதில் தவறும். கேட்பதற்கென்று கட்டளையை ஓட்டியவுடனேயே பாஷ் நிலையைத் திருப்பிவிடுகிறது அல்லவா?

வரியைத் திரையிலேயே திருத்தும் வசதியை ஷெல்லுக்குள் கொண்டுவந்தவர்களில் பெல் ஆய்வகத்தின் டேவிட் கோர்ன் முக்கியமானவர். அவருடைய கோர்ன் ஷெல் 1983இல் வெளியே தெரியவந்தது. 1989இல் பிரையன் ஃபாக்ஸ், க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காகப் பாஷை எழுதி வெளியிட்டார். வரியைத் திருத்தும் பகுதி பின்னர் ‘ரீட்லைன்’ என்ற தனி நூலகமாகவும் கிடைத்தது. அதனால்தான் ஜிடிபி பிழைநீக்கி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பிஎஸ்க்யூஎல் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிரல்களில்கூட அதே விசைகள் அதே வேலையைச் செய்கின்றன. ஒரு தடவை விரலுக்குப் பழக்கினால் பல இடங்களில் உதவும்.

அந்த விசைகளில் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்வதாக இருந்தால் கண்ட்ரோல்-ஆர் என்பேன். அழுத்தியதும் ‘பின்னோக்கித் தேடுகிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி தோன்றும். நினைவிலுள்ள ஏதாவது துணுக்கை அடியுங்கள். அது கட்டளையின் தொடக்கமாக இருக்கவேண்டியதில்லை, நடுவிலிருக்கும் கோப்புப் பெயராகவும் இருக்கலாம். ஒவ்வொரு எழுத்து விழும்போதும் ஏட்டில் பின்னோக்கிப் போய்ப் பொருந்தும் வரியைக் காட்டிக்கொண்டே வரும். எழுத்துக்கு எழுத்து குறுகும் இந்தத் தேடல் ஈமேக்ஸ் தொகுப்பானில் இருந்து வந்தது. வந்த வரி வேண்டாமென்றால் மறுபடி கண்ட்ரோல்-ஆர், இன்னும் பழையது வரும். தேடலையே கைவிட கண்ட்ரோல்-ஜி.

வேகத்தில் தாண்டிப் போய்விட்டால் முன்னோக்கி வர கண்ட்ரோல்-எஸ் என்று கையேடு சொல்லும். நம்பி அழுத்தினால் பெரும்பாலான கணினிகளில் திரை உறைந்து நிற்கும். கணினி செத்துவிட்டது என்று சன்னலையே மூடிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது டெலிடைப் காலத்து ‘அனுப்புவதை நிறுத்து’ குறி. கர்னல் இன்னும் அந்தப் பழைய ஆணைக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் விடுபடும்.

இவ்வளவு ஏற்பாடும் தேவைதானா, நாம் அப்படி எத்தனை முறை ஒரே கட்டளையை அடித்துவிடப் போகிறோம் என்று தோன்றலாம். இதை ஒருவர் எண்ணியே பார்த்திருக்கிறார். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் சால் க்ரீன்பெர்க், சி ஷெல்லைச் சற்று மாற்றி, 168 பேர் அடித்த ஒவ்வொரு வரியையும் நான்கு மாதங்கள் பதிவு செய்தார். புதிதாக நிரல் கற்கும் மாணவர் முதல் கணினி அறிஞர் வரை அதில் இருந்தார்கள். அவரும் இயன் விட்டனும் 1988இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவர் அடிக்கும் வரிகளில் சராசரியாக நான்கில் மூன்று பங்கு அவரே முன்பு அடித்த வரிகள். ஒத்த மாதிரி வரிகளைச் சேர்த்த கணக்கு இல்லை இது, எழுத்துப் பிசகாமல் அதே வரி. அப்படித் திரும்ப வருவதும் பெரும்பாலும் மிக அண்மையில் அடித்த சில வரிகளுக்குள்ளேயே இருந்தது. மேல் அம்பு ஏன் கடைசியில் இருந்து தொடங்குகிறது, கண்ட்ரோல்-ஆர் ஏன் பின்னோக்கித் தேடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. கணினிச் சில்லுகளில் இருக்கும் தற்காலிக நினைவகமும் இதே இயல்பை நம்பித்தான் ஓடுகிறது: சற்றுமுன் தொட்டதையே நிரல் மறுபடி தொடும்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கையருகே ஆச்சரியக்குறி வசதி இருந்தும் மக்கள் அதை அரிதாகவே பயன்படுத்தினார்கள், பயன்படுத்தியவர்களும் எளிய வடிவங்களோடு நின்றுவிட்டார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. எந்தக் குறி எதை எடுக்கும் என்று யோசிக்கும் நேரத்துக்குள் வரியையே அடித்துவிடலாம். !!, !$ இரண்டைத் தவிர மற்ற வித்தைகளை மனப்பாடம் செய்வதில் பெரிய லாபமில்லை.

ஏடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அதைவிடப் பயனுள்ளது. பாஷ் ஓடும்வரை அது நினைவகத்தில் இருக்கும். முறையாக வெளியேறும்போது உங்கள் இல்லக் கோப்புறையில் ‘.பாஷ்_ஹிஸ்டரி’ என்ற கோப்பில் எழுதப்படும். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. இரண்டு சன்னல்களைத் திறந்து ஒன்றில் அடித்த கட்டளையை மற்றதில் மேல் அம்பால் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்: ஒவ்வொரு பாஷுக்கும் தனி நினைவகம், கோப்பில் சேர்வது கடைசியில். மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் அன்றைய வரிகள் போனதுதான். அமைப்பை மாற்றாமல் விட்டால் பாஷ் 500 வரிகளை வைத்துக்கொள்ளும். உபுண்டு இதை நினைவகத்தில் 1000, கோப்பில் 2000 என்று உயர்த்தி வைத்திருக்கிறது. ஆப்பிளின் மேக் கணினிகளில் 2019 முதல் இயல்பான ஷெல் இசட்ஷெல். கோப்பின் பெயர் மாறுமே தவிர மேல் அம்பும், கண்ட்ரோல்-ஆரும், !! குறியும் அங்கேயும் உண்டு.

ஏட்டில் இருப்பது நீங்கள் அடித்த எழுத்து மட்டும், அதை எந்தக் கோப்புறையில் நின்று அடித்தீர்கள் என்பது இல்லை. ‘இங்குள்ள எல்லாவற்றையும் அழி’ என்ற கட்டளை நேற்று தற்காலிகக் கோப்புறையில் அடித்தபோது சாதுவானது. இன்று வேறு இடத்தில் நின்று மேல் அம்பில் அதை எடுத்து என்டர் தட்டினால் ஷெல் எந்தக் கேள்வியும் கேட்காது. அழிக்கும் கட்டளைகளை ஏட்டிலிருந்து எடுக்காமல் புதிதாக அடிப்பது நல்ல வழக்கம்.

கடவுச்சொல்லும் அப்படியே. தரவுத்தளத்துக்கான கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே சேர்த்து அடித்தால், அது எந்த மறைப்பும் இல்லாமல் அந்தக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். கணினிக்குள் ஊடுருவுகிறவர்கள் தேடிப் பார்க்கும் கோப்புகளில் இதுவும் ஒன்று. உபுண்டுவில் கட்டளைக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு அடித்தால் அந்த வரி ஏட்டில் ஏறாது. மறந்து அடித்து ஏறிவிட்டால், ‘ஹிஸ்டரி’ கட்டளையைக் கொண்டே அந்த ஒரு வரியை மட்டும் நீக்கலாம். ஆனால் காப்புப்படிகளில் அது ஏற்கெனவே போயிருக்கக்கூடும். ஆகவே முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வரியை அழிப்பது அப்புறம்.